தனியாக ஓட்டினால் சராசரி 31, பந்தயத்தில் சராசரி 40: நான் தாங்குவேனா?

கேள்வி கேட்டவருக்கு வயது 38. வார இறுதியில் தனியாக 60 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறார், சராசரி வேகம் மணிக்கு 31 கிலோமீட்டர் வருகிறது. உள்ளூர் சாலைப் பந்தயங்களின் முடிவுப் பட்டியலில் சராசரி 39, 40 என்று பார்த்துவிட்டு மூன்று விஷயம் கேட்கிறார். இறங்கினால் எவ்வளவு நேரம் தாங்குவேன்? எப்படித் தயாராவது? இதற்காக கார்பன் சக்கரம் வாங்க வேண்டுமா?

பல வருடமாக உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டிருப்பவன், பெரும்பாலும் கூட்டத்தின் நடுவில் முடிப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அடிக்கடி ஜெயிப்பவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். பின்வரிசையில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

முதலில் அந்த 40ஐப் பார்த்து மிரள வேண்டாம். தட்டையான சாலையில் நம் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும், அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் திறன் மும்மடியில் ஏறும். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ உள்ள ஒருவர், கைகளை பிரேக் லீவர் மூடிகளின் மேல் வைத்துக்கொண்டு 30இல் போக ஏறக்குறைய 155 வாட் செலவாகும். அதே ஆள் தனியாக 40இல் போக 330 வாட் வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு உழைப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 330 வாட்டை ஒரு மணி நேரம் தாங்குகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

பந்தயத்தில் யாரும் முழுத் தூரமும் தனியாக 40இல் போவதில்லை என்பதுதான் விஷயம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு அரை மீட்டர் தள்ளி ஒட்டிக்கொண்டால் காற்றின் சுமை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். அந்த 330 இப்போது 230 பக்கம் வந்துவிடுகிறது. கூட்டத்துக்குள்ளே போகப்போக இன்னும் குறையும். 2018இல் பெர்ட் பிளாக்கன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 121 பேர் கொண்ட ஒரு பெலட்டானை, அதாவது நெருக்கமாக ஓட்டும் பந்தயக் கூட்டத்தை, கணினிக் கணக்கீட்டிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துப் பார்த்தார்கள். நடுவிலும் பின்னாலும் பதுங்கியிருப்பவர் மீது விழும் காற்றின் எதிர்ப்பு, தனியாக ஓட்டுபவர் மீது விழுவதில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் இருக்கலாம் என்று கண்டார்கள். அது தோளோடு தோள் உரசி ஓட்டும் தொழில்முறைக் கூட்டத்தின் கணக்கு. முப்பது, நாற்பது பேர் ஒருவரையொருவர் நம்பாமல் இடைவெளி விட்டு ஓட்டும் உள்ளூர்ப் பந்தயத்தில் அவ்வளவு சொகுசு கிடைக்காது. இருந்தாலும், தனியாக 31 ஓட்டும் உங்களால் கூட்டத்துக்குள் 40ஐத் தாங்க முடியும். சந்தேகமே வேண்டாம்.

அப்படியானால் பாதிப் பேர் ஏன் பாதியிலேயே கழன்று போகிறார்கள்? சராசரி வேகம் யாரையும் கழற்றிவிடுவதில்லை. அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் பத்துப் பதினைந்து விநாடி வெடிப்புகள்தான் கழற்றிவிடுகின்றன. அவை வரும் இடங்கள் மூன்று: வளைவை விட்டு வெளியேறும் இடம், பக்கக்காற்று அடிக்கும் திறந்தவெளி, மேட்டின் கடைசி நூறு மீட்டர்.

வளைவை எடுத்துக்கொள்வோம். கிரிட்டீரியம் எனப்படும் குறுஞ்சுற்றுப் பந்தயம், 1.2 கிலோமீட்டர் சுற்று, நான்கு வளைவு, 25 சுற்று. மொத்தம் நூறு வளைவுகள். முதல் ஐந்து பேர் வளைவுக்குள் 36இல் நுழைந்து அதே வேகத்தில் வெளியே வந்து 42க்கு ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இருப்பவர் சற்றே பிரேக் தொடுகிறார். அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தொடுகிறார். முப்பதாவது ஆளுக்கு வரும்போது வேகம் 28 ஆகிவிட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கும்போது முன்னால் இருப்பவர்கள் ஏற்கெனவே 42இல் போய்க்கொண்டிருக்கிறார்கள். 80 கிலோ எடையை 36இலிருந்து 42க்கு ஏற்ற சுமார் 1,450 ஜூல் ஆற்றல் போதும். 28இலிருந்து 42க்கு ஏற்ற 3,000 ஜூல் வேண்டும். அதை ஆறு விநாடிக்குள் செய்தாக வேண்டும் என்பதால் வேகம் கூட்டுவதற்கு மட்டுமே 500 வாட், காற்றையும் சேர்த்தால் 600க்கு மேல். இதை நூறு தடவை செய்யுங்கள். முன்வரிசையில் இருப்பவரும் கடைசியில் இருப்பவரும் ஒரே சராசரி வேகத்தில், ஒரே தூரத்தைத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் கடைசியில் இருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சின்ன ஸ்பிரிண்ட் போட்டுக்கொண்டிருக்கிறார். பதினைந்தாவது சுற்றில், முந்தைய சுற்றில் எழுந்த அதே இடத்தில் இருக்கையிலிருந்து எழுகிறார், கால் பேசவில்லை, முன்சக்கரத்துக்கும் அடுத்தவருக்கும் நடுவே இரண்டு மீட்டர் விழுகிறது. இரண்டு மீட்டர் ஐந்தாகிறது. ஐந்து மீட்டர் இடைவெளியில் காற்றின் பெரும்பகுதி மேலே விழுகிறது. அவ்வளவுதான், பந்தயம் போய்விட்டது.

ஆகவே உங்கள் முதல் வேலை முன்பாதிக்குள் இருப்பது. எட்டாவது இடத்துக்கும் பதினைந்தாவது இடத்துக்கும் நடுவில் என்றால் மிக நல்லது. காற்றை வாங்கவும் வேண்டியதில்லை, பின்னாலிருந்து துரத்தவும் வேண்டியதில்லை. சொல்வது சுலபம். எல்லோருக்கும் அந்த இடம்தான் வேண்டும் என்பதால் இரண்டு ஓரங்களிலும் ஆட்கள் ஓயாமல் முன்னால் வந்துகொண்டே இருப்பார்கள், நடுவில் இருப்பவர் தானாகப் பின்னால் போய்விடுவார். ஒரு நிமிடம் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால் பத்து இடம் போயிருக்கும். கூட்டம் மந்தமாகும்போது, அதாவது எதிர்காற்றில் யாரும் முன்னால் வர விரும்பாமல் சாலை முழுக்கப் பரவி நிற்கும்போது, ஓரமாக முன்னேறுங்கள். அப்போது ஒருவர் முன்னேறிக்கொண்டிருந்தால் அவர் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் பாதிச் செலவுதான். எல்லோரும் பறக்கும்போது முன்னேற நினைப்பது வீண்செலவு.

பக்கக்காற்று இதைவிடக் கொடியது. இடப்பக்கமிருந்து காற்று அடித்தால், காற்று குறைவாகப் படும் நிழல் முன்னால் இருப்பவருக்கு நேர் பின்னால் இருக்காது, வலப்பக்கம் சாய்ந்து இருக்கும். அதனால் முன்னால் இருப்பவர்கள் சாலையின் குறுக்கே சாய்வாக ஒரு வரிசை போடுவார்கள். எஷலான் என்பார்கள். சாலையின் அகலம் ஆறு பேருக்கு இடம் கொடுக்கிறது என்றால் ஏழாவது ஆளுக்கு நிழல் கிடையாது. அவர் வலது ஓர வெள்ளைக் கோட்டின் மேல் தொங்கிக்கொண்டு முழுக் காற்றையும் வாங்குவார், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் அதே கோட்டின் மேல் ஒற்றை வரிசையில். அங்கே யாராவது ஒருவர் கையை விரித்தால் பின்னால் இருக்கும் அத்தனை பேரின் பந்தயமும் முடிந்தது. அவரைவிட வலுவான கால் உள்ளவர்களும் அதில் இருப்பார்கள், அதுதான் கொடுமை. ஓரக்கோட்டில் தொங்குகிறோம் என்று தெரிந்த அடுத்த விநாடி, பின்னால் இருப்பவர்களைக் கூப்பிட்டு இரண்டாவது சாய்வரிசையைப் போடச் சொல்லுங்கள். வெட்கப்பட நேரமில்லை. பந்தயத்துக்கு முந்தைய இரவு காற்று எந்தத் திசை என்று வரைபடத்தோடு வைத்துப் பார்த்து, எந்தத் திருப்பத்துக்குப் பிறகு பக்கக்காற்று தொடங்கும் என்று குறித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் அந்தத் திருப்பத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே முன்னால் வந்துவிடுவார்கள். திடீரென்று முன்வரிசையில் நெரிசல் கூடினால் காரணம் அதுதான்.

மேடு பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து சதவீத ஏற்றத்தில் 20இல் ஏற, 80 கிலோவுக்குப் புவியீர்ப்புக்கு மட்டுமே 218 வாட் போகிறது. அங்கே அடுத்தவர் முதுகு அதிகம் உதவாது, உடல் எடைக்கு எத்தனை வாட் என்பதுதான் பேசும். நீளமான மலை உள்ள பாதை என்றால் முதல் பந்தயத்துக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிட மேடு என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது. அடிவாரத்துக்கு ஐந்தாவது ஆறாவது ஆளாக வந்து சேருங்கள். பிறகு உங்கள் வேகத்தில் ஏறுங்கள், முந்துபவர்கள் முந்தட்டும். உச்சியில் இருபத்தைந்தாவது ஆளாக இருந்தாலும் நீங்கள் இன்னும் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். கடைசி ஆளாக அடிவாரத்துக்கு வருகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. அப்புறம், உச்சியில் மூச்சு வாங்க நிறுத்தாதீர்கள். முன்னால் இருப்பவர்கள் இறக்கத்தில் வேகம் எடுத்தாகிவிட்டது. உச்சி தாண்டிய முதல் பத்து மிதிதான் மேட்டின் விலையுயர்ந்த பகுதி.

இதெல்லாம் காலின் வேலை. புதியவர்களுக்கு உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: 45 வேகத்தில் முன்னால் அரை மீட்டர், இரண்டு பக்கமும் ஒரு முழம், இந்த நெருக்கத்தில் பதறாமல் இருப்பது. பதறுகிறவர் இடைவெளி விடுவார், இடைவெளி விடுகிறவர் காற்று வாங்குவார், காற்று வாங்குகிறவர் களைத்துப் பின்னால் போவார். ஆகவே கூட்டத்தில் ஓட்டும் கலையைத் தனியாகப் பழக வேண்டும். இதில் நான் கறாராக இருப்பேன், ஏனென்றால் நீங்கள் விழுந்தால் தனியாக விழமாட்டீர்கள்.

முக்கியமானது ஒன்று. உங்கள் முன்சக்கரம் முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய் நிற்கக்கூடாது. அவர் சற்று நகர்ந்து இரண்டு சக்கரமும் உரசினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, முன்சக்கரத்தை இழந்த நீங்கள்தான் தரையில் கிடப்பீர்கள். உள்ளூர்ப் பந்தயங்களில் நான் பார்த்த விழுகைகளில் பெரும்பாலானவை வளைவில் நடந்தவை அல்ல. நேர்ச் சாலையில், வேகம் குறைந்த நேரத்தில், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தவை. முன்னாலிருந்து பல ஃப்ரீவீல்கள் ஒரே நேரத்தில் கிர்ரென்று ஓசையிட்டால் எல்லோரும் மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். கண் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிடும். அந்தச் சத்தம் வந்ததும் விரல்கள் லீவரில் இருக்க வேண்டும், அழுத்தத் தேவையில்லாவிட்டாலும். பிரேக்கை அமுக்கிப் பிடிப்பதைவிட, அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக் காற்றில் வேகத்தைக் கரைப்பது நல்லது. பின்னால் இருப்பவருக்கு அதிர்ச்சி இருக்காது.

பார்வை முன்னால் இருப்பவரின் சக்கரத்தில் நிலைகுத்தி நிற்கக்கூடாது. அவர் தோளுக்கு மேலாக மூன்று நான்கு பேர் தாண்டிப் பாருங்கள், சக்கரம் ஓரக்கண்ணில் தெரியும். வளைவில் உங்களுக்கு முன்னால் போகிறவர் எந்தக் கோட்டில் போகிறாரோ அதற்கு இணையான கோட்டிலேயே போங்கள். தனியாக ஓட்டும்போது வெளி ஓரத்திலிருந்து உள்ளே வெட்டிப் போவது அழகு. கூட்டத்தில் அப்படி வெட்டினால் உங்களுக்கு உள்பக்கம் இருப்பவரை நடைபாதைக் கல்லில் ஏற்றிவிடுவீர்கள். பிரேக் பிடிக்க வேண்டியதை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். உள்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை வெளிக்காலில். மழை பெய்திருந்தால் சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும் இரும்பு மூடிகளும் எண்ணெய் தடவியதுபோல இருக்கும். அவற்றின் மேல் சாயாதீர்கள்.

இதைப் பழக ஒரே வழி குழுவாக ஓட்டுவது. பக்கத்தில் ஏதாவது குழு வாரந்தோறும் கூடி ஓட்டினால் இரண்டு மூன்று மாதம் அதில் போங்கள். முன்னால் வந்து அரை நிமிடம் இழுத்து, ஓரமாக விலகி, பின்னால் போய்ச் சேரும் சுழற்சி கைவர வேண்டும். புதியவர்கள் தங்கள் முறை வந்ததும் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள், பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். வேகமானியில் இருக்கும் எண்ணை அப்படியே வைத்திருப்பதுதான் மரியாதை.

பயிற்சியைப் பொறுத்தவரை, நீங்கள் இப்போது செய்யும் சீரான 60 கிலோமீட்டரை விட்டுவிட வேண்டாம், அடித்தளம் அதுதான். அதோடு வாரம் இரண்டு நாள் வெடிப்புப் பயிற்சி சேருங்கள். ஒரு நாள் 30 விநாடி முழுமூச்சு, 30 விநாடி தளர்வு, இப்படிப் பத்துத் தடவை. ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு இன்னொரு பத்து. மற்றொரு நாள் வளைவுப் பயிற்சி: 28க்கு வேகத்தைக் குறைத்து, எழுந்து நின்று எட்டு விநாடியில் 42க்குக் கொண்டுபோய், உட்கார்ந்து ஒரு நிமிடம் சுமாரான வேகத்தில் ஓட்டி, திரும்பவும். இந்தப் பயிற்சி சலிப்பாக இருக்கும். ஆனால் பந்தயத்தில் நடப்பது அப்படியே இதுதான். மிதிக்கும் வாட்டை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் 20 நிமிடச் சோதனை செய்து அதன் சராசரியில் 95 சதவீதத்தை ஒரு மணி நேரத் திறனாகக் கணக்கிட்டுக்கொள்வார்கள். நல்ல அளவுகோல்தான், ஆனால் இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தாலும் இருபதாவது வெடிப்புக்குப் பிறகு ஒருவர் எழுவார், ஒருவர் எழமாட்டார். அந்த வேறுபாட்டை அந்த எண் காட்டாது.

எந்தப் பந்தயத்தில் தொடங்குவது? பெரும்பாலான இடங்களில் ஆரம்பநிலைப் பிரிவும் வயதுவாரிப் பிரிவுகளும் இருக்கும். சின்ன ஊர்களில் ஆள் குறைவு என்று எல்லாரையும் ஒன்றாக விட்டுவிடுவார்கள். வயதுவாரிப் பிரிவு சுலபமாக இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 40 வயதுக்கு மேல் உள்ள பிரிவில் முன்னாள் தொழில்முறை வீரர்கள் இருப்பார்கள், ஒருவரும் தேவையில்லாமல் ஒரு மிதிகூட மிதிக்கமாட்டார்கள். உங்களுக்கு ஆரம்பநிலைப் பிரிவுதான் சரி. அங்கே ஓட்டம் கோணல்மாணலாக இருக்கும், வேகம் ஏறி இறங்கும், ஆனால் தாங்கலாம்.

கூட்டம் பிடிக்கவில்லை என்றால் டைம் டிரையல் இருக்கிறது: ஒருவர் பின் ஒருவராக ஒரு நிமிட இடைவெளியில் கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் மோதுவது. இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பொதுச்சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுவதற்கு அங்கிருந்த சைக்கிள் சங்கமே தடை போட்டது. காவல்துறை மொத்தமாகவே சைக்கிளை முடக்கிவிடும் என்ற பயம். அதனால் பந்தயக்காரர்கள் விடியற்காலையில், கறுப்பு உடையில், பாதையின் பெயரைச் சொல்லாமல் சங்கேதக் குறியீடு வைத்து, தனித்தனியாக ஓட்டினார்கள். 1942 ஜூன் 7 அன்று பெர்சி ஸ்டாலர்ட் என்பவர் லாங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் வரை கூட்டமாக ஒரு பந்தயத்தை நடத்திக் காட்டினார். சாலையில் ஒரு பிரச்சினையும் வரவில்லை, சங்கம் அவரைத் தடை செய்தது. அதே ஆண்டு அவரும் மற்றவர்களும் தனிச் சங்கம் தொடங்கினார்கள். 1959இல்தான் இரண்டு தரப்பும் ஒன்றாயின. பாதைக்குக் குறியீடு வைக்கும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. டைம் டிரையல் உங்கள் உடலைப் பற்றி நிறையச் சொல்லும். கூட்டத்தில் ஓட்டுவது பற்றி ஒன்றும் சொல்லாது. நீங்கள் கேட்டது பின்னதைப் பற்றி என்பதால் இதோடு விடுகிறேன்.

பந்தயம் நடக்கும்போது உங்களைச் சுற்றி ஒரு அரசியல் ஓடிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் “முன்னால் வந்து இழு, இழு” என்று கத்துவார். பெரும்பாலும் அவருடைய குழுவில் வேறு யாரும் முன்னால் தப்பிப் போயிருக்கவில்லை, துரத்த ஆள் தேவைப்படுகிறது. முதல் பந்தயத்தில் உங்களுக்கு யாருக்காகவும் இழுக்க வேண்டிய கடமை இல்லை. சங்கடமாக இருந்தால் ஒரு முறை பத்து விநாடி முன்னால் முகம் காட்டிவிட்டு விலகிவிடுங்கள். தப்பிப்போகும் இரண்டு மூன்று பேர் கொண்ட பிரேக்அவேயைப் பார்த்தால் கால் துறுதுறுக்கும். ஆரம்பநிலைப் பிரிவில் அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பப் பிடிபடுவார்கள், ஏனென்றால் பின்னால் நாற்பது பேருக்குத் துரத்துவதைத் தவிர வேறு யோசனை தோன்றாது.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் சாலைப் பந்தயத்தில், 2021 ஜூலை 25 அன்று, ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கொடி அசைந்த கையோடு தாக்கிவிட்டுப் போனார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் ஒப்பந்தம் இல்லை. 137 கிலோமீட்டர் பந்தயத்தில், கூடவே தப்பி வந்தவர்களையும் கடைசி 40 கிலோமீட்டர் இருக்கும்போது உதறிவிட்டுத் தனியாக வந்து ஜெயித்தார். ஒலிம்பிக்கில் காதுக்கருவி மூலம் தகவல் சொல்லும் வசதி கிடையாது. ஒரு நிமிடம் 15 விநாடி கழித்து வந்த நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன், தான்தான் தங்கம் வென்றதாக நினைத்துக் கைகளை உயர்த்திக் கொண்டாடினார். முன்னால் ஒருவர் போயிருப்பதை அவர் அறிந்திருக்கவில்லை. உள்ளூர்ப் பந்தயங்களிலும் நமக்குக் காதுக்கருவி இல்லை, அதனால் இந்தக் குழப்பம் மாதம் ஒரு முறை சின்ன அளவில் நடக்கும். எட்டாவது இடத்துக்கு உயிரைக் கொடுத்து ஸ்பிரிண்ட் போட்டவர் முடிவுப் பட்டியலில் பன்னிரண்டாவதாக இருப்பார், நான்கு பேர் எப்போது போனார்கள் என்றே தெரிந்திருக்காது. முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி வைத்திருப்பது நல்ல பழக்கம்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் கூட்டத்தின் குணமே மாறிவிடும். அதுவரை வழிவிட்டவர்கள் தோளால் தள்ளுவார்கள். ஸ்பிரிண்ட் 200 மீட்டர் அளவில் தொடங்க வேண்டியது. புதியவர்கள் 400 மீட்டரில் பொறுமை இழந்து எழுந்துவிடுவார்கள். முழுவேகத்தைப் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் எந்தக் காலும் தாங்காது என்பதால், கடைசி ஐம்பது மீட்டரில் அவரைப் பத்துப் பேர் தாண்டுவார்கள். ஸ்பிரிண்ட்டைத் தொடங்கிய பிறகு உங்கள் கோட்டை விட்டு விலகி அடுத்தவர் பாதையில் போகக்கூடாது. சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதி இது, உள்ளூரிலும் இதற்குத் தகுதி நீக்கம் உண்டு. முதல் பந்தயத்தில் இருபதாவது இடத்துக்காக ஸ்பிரிண்ட் போட வேண்டாம் என்பது என் கருத்து. ஓரமாக, கைகளை ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் வைத்து, நேர்கோட்டில் முடித்துவிடுங்கள்.

பந்தயத்தன்று காலை: ஹேண்டில்பார் முனைகளில் மூடி இருக்கிறதா என்று சோதிப்பார்கள், மூடியில்லாத குழாய் விழும்போது தோலைத் துளைக்கும். எண் அட்டையை எந்தப் பக்க இடுப்பில் குத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கேமரா இருக்கும் பக்கம்தான். நான்கு முனையிலும் இரண்டிரண்டு ஊக்கு போட்டு இறுக்கமாகக் குத்துங்கள், காற்றில் படபடக்கும் அட்டை பின்னால் வருகிறவரையும் எரிச்சலூட்டும். கிளம்பும் முன் இருபது நிமிடமாவது உடலைச் சூடாக்கி, அதில் இரண்டு மூன்று முறை மூச்சு முட்டும் அளவுக்குப் போய்வாருங்கள். குறுஞ்சுற்றுப் பந்தயம் முதல் விநாடியிலேயே முழுவேகத்தில் கிளம்பும். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பந்தயத்துக்கு முந்தைய வேளைச் சாப்பாடும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, முதல் அரைமணியிலிருந்தே, ஜெல்லாகவோ சர்க்கரை கலந்த தண்ணீராகவோ.

எவ்வளவு நேரம் தாங்குவீர்கள் என்பதற்கு நேரடியாகவே சொல்கிறேன். தட்டையான பாதை, காற்று குறைவான நாள், ஆரம்பநிலைப் பிரிவு, அதற்கு முன் இரண்டு மூன்று மாதம் குழு ஓட்டம் என்றால் கூட்டத்தோடு முடிப்பீர்கள். குழு ஓட்டம் பழகாமல் நாளையே இறங்கினால் பாதித் தூரம். மேடுள்ள பாதையில் எல்லாரும் ஒன்றாக ஓடும் பந்தயம் என்றால் இரண்டாவது ஏற்றத்தில் கழன்றுவிடுவீர்கள், உங்களோடு இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள், அவர்களோடு சேர்ந்து சுழற்சி போட்டு முடிப்பதும் நல்ல பயிற்சிதான். குறுஞ்சுற்றில் முன்கூட்டம் உங்களை ஒரு சுற்று முந்தவிருந்தால் நடுவர் வெளியே கூப்பிட்டுவிடுவார். அப்படி வெளியேறியவர்களின் பெயருக்கு எதிரே டிஎன்எஃப், அதாவது முடிக்கவில்லை, என்று போடுவார்கள். எனக்கும் நிறைய இருக்கிறது, யாரும் அதை இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

சக்கரம் வாங்க வேண்டாம். ஆழமான கார்பன் ரிம் தனியாக 40இல் போகிறவருக்குக் கொஞ்சம் வாட் மிச்சப்படுத்தும், கூட்டத்துக்குள் பதுங்கியிருப்பவருக்கு அந்த மிச்சமும் சுருங்கிவிடும். பக்கக்காற்றில் முன்சக்கரத்தை இழுத்து, நெருக்கத்துக்குப் பழகாதவரைப் பதறவைக்கும். ஆரம்பநிலைப் பிரிவில் விழுகைகள் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை நல்ல டயருக்குச் செலவிடுங்கள். உங்கள் ஃபிரேமில் இடம் இருந்தால் 28 மில்லிமீட்டர். காற்றைக் கல்லுபோல் ஏற்றாமல், 70 கிலோ ஆளுக்கு 70, 75 பிஎஸ்ஐ அளவில் வைத்தால் வளைவில் பிடிப்பும் இருக்கும், மோசமான சாலையில் வேகமும் இருக்கும். செயினும் பிரேக் கட்டைகளும் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கியர் மாற்றும் பின் டெரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் அந்தச் சின்ன ஹேங்கர் துண்டு ஒன்றையும் உங்கள் மாடலுக்குப் பொருந்துவதாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சைக்கிள் வலப்பக்கமாகச் சாய்ந்தாலே அது வளைந்துவிடும், பந்தய மைதானத்தில் யாரிடமும் உங்கள் மாடலுக்கானது இருக்காது.